எல்லா இடத்திலும் நிற்கத் தெரிந்தவர்

யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவார். அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான். குழாய் பழுதுபார்ப்பவராக இருக்கலாம், பரோட்டா வீசுபவராக இருக்கலாம், கார் டயர் மாற்றுகிற யாரோ ஒரு வெள்ளைக்காரராகக்கூட இருக்கலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு வார்த்தை பேசாமல் பார்ப்பார். பத்து நிமிடம் கழித்து, "ஒருக்காத் தாங்கோ பாப்பம்" என்பார். பெரும்பாலும் தருவார்கள். அதற்குப் பிறகு அந்த வேலை அவருக்குத் தெரியும்.

பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய விசா வழக்கு இன்னும் முடியவில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதில் ஒன்றும் மாறாது என்று அவரே சொல்வார். என்றாலும் என்னால் அவருக்கு ஏற்கெனவே ஆனது போதும்.

எனக்குப் பின்னாலும் ஒரு நாள் வந்து நின்றார். நான் பதினான்கு வயதில் திருச்சியிலிருந்து பெற்றோரோடு சிட்னிக்கு வந்தவன். பள்ளியில் இந்த ஊர் ஃபுட்பால் ஆடி, கால் நன்றாகப் பழகியிருந்தது. அந்தக் காலை நம்பி மேற்குப் பக்கம் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்பில் சேர்ந்திருந்தேன். அவர் இலங்கையிலிருந்து படகில் வந்து, சிட்னியிலேயே லிட்கமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். எங்கள் கிளப்புக்கு வந்த திண்டுகளையும் வலைகளையும் வேனில் கொண்டுவந்து இறக்கியவர், உடனே போகாமல் நான் உதைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு என் முகத்தை வைத்தே ஊகித்து, தமிழில் கேட்டார்:

"தம்பி, இதிலை கன வேலை கையாலைதானே நடக்குது. பிறகேன் இதை ஃபுட்போல் எண்டு சொல்லினம்?"

"ஒருக்காத் தாங்கோ" என்று பந்தை வாங்கினார். முதல் உதை பக்கத்து வேலியில் போய் விழுந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ என் உதைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கோச் அதைப் பார்த்துவிட்டு அவரையும் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரிக்கெட்டைப் போல ஒருவரே மட்டையும் பந்தும் பிடிப்பது இதில் கிடையாது. முன்னேறி ஆடுபவர்கள் ஒரு கூட்டம், தடுப்பவர்கள் இன்னொரு கூட்டம், உதைக்கும் நேரத்துக்கென்று தனியாக ஒரு கூட்டம். அநேகமாக ஒவ்வொருவனுக்கும் ஒரே வேலை. என் வேலை பந்தைக் கையிலிருந்து விட்டு உயரமாகவும் தூரமாகவும் உதைப்பது. ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு முறை அதைச் செய்வேன். மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் நிற்பேன். ஆனால் அணியில் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு உண்டு. கோச் கடைசிப் பட்டியலைப் போட உட்காரும்போது எப்போதும் இரண்டு மூன்று இடம் இடிக்கும். அங்கேதான் நாலு வேலை தெரிந்தவன் உள்ளே வருவான். ஒரே வேலையை அவனைவிட நன்றாகச் செய்கிறவன் வெளியே போவான்.

அந்தப் பருவம் முடிவதற்குள் அவர் ஆறு இடங்களில் ஆடிவிட்டார். குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிகிறவர் கணுக்கால் சுளுக்கிப் படுத்தபோது அதைச் செய்தார். கம்பங்களுக்கு நடுவே உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் ஒரு விரலால் பிடித்து வைக்கிறவர் கல்யாணத்துக்குப் போனபோது அதைச் செய்தார். எந்த இடத்திலும் அவர்தான் சிறந்தவர் என்று சொல்ல முடியாது. எந்த இடத்திலும் அவரால் ஆட்டம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. அடுத்த பருவத்தின் பட்டியலில் இரண்டு பழைய ஆட்கள் இல்லை. அவர்கள் கிளப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் அதைக் கவனித்தாரா என்று எனக்கு அப்போது தெரியாது. நான் கவனித்தேன். என் வேலையும் அவருக்குத் தெரியும் என்பதை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

அவரிடம் எனக்குப் பிரியமும் இருந்தது. வாரக்கடைசிகளில் என் காரில்தான் வருவார், போவார். "நீ ஒரு வேலைதான் பழகி வைச்சிருக்கிறாய், அதாலைதான் உனக்கு நித்திரை வருது" என்று கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

கிடங்கில் நடந்தது அந்தச் சமயத்தில்தான். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் வவுனியாக்காரர், ஐம்பது தாண்டியவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். சாப்பாட்டு நேரத்தில் அங்கிளின் பின்னால் நின்று பார்த்து, அவரிடமே கேட்டுக் கேட்டுப் பழகி, இவர் அந்த லைசென்ஸ் எடுத்திருந்தார். அங்கிளுக்கு அதில் பெருமைகூட இருந்தது. நம்ம பெடியன் கெட்டிக்காரன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு கிடங்கில் ஆட்குறைப்பு வந்தது. ஃபோர்க்லிஃப்ட், ஸ்கேனர், பொதி கட்டுவது, வேன் ஓட்டுவது என்று நான்கும் தெரிந்த ஒரு ஆளை வைத்துக்கொண்டார்கள். மூன்று பேரைப் போகச் சொன்னார்கள். அதில் அங்கிள் ஒருவர்.

நான் அவரிடம் கேட்டேன், மேனேஜரிடம் அங்கிளுக்காக ஒரு வார்த்தை பேசினீர்களா என்று.

"இல்லை" என்றார். "கதைச்சிருந்தா, சரி அப்ப நீ போ எண்டு சொல்லியிருப்பினம். எனக்கு வேலை இல்லாமல் இருக்கேலாது தம்பி. அங்கிளுக்கு சிற்றிசன்ஷிப் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

அது நியாயமாகத்தான் இருந்தது. அவர் அதைச் சொன்ன குரல்தான் நியாயமாக இல்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்வது போல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மேய்ஸ் ஹில்லில் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கிறோம். சோற்றுக் கரண்டியோடு நின்றது அங்கிளின் மனைவி, எங்களுக்கு அன்ரி. எனக்குப் போட்டார். அடுத்து, என் பின்னால் நின்ற அவர் தன் தட்டை நீட்டினார். அன்ரி கரண்டியைச் சோற்றில் குத்தி நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, உமக்குத்தான் எல்லா வேலையும் தெரியுமெல்லோ. நீரே போட்டுச் சாப்பிடும்."

அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார். வேறு யாராக இருந்தாலும் தட்டை வைத்துவிட்டு வெளியே போயிருப்பார்கள். நானாக இருந்தால் கண்டிப்பாகப் போயிருப்பேன். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தன் தட்டில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற பெரியவரின் தட்டு நீண்டிருந்தது. அவருக்குப் போட்டார். அதற்குப் பின்னால் நின்றவருக்குப் போட்டார். அப்படியே கடைசி ஆள்வரை போட்டார். அவர் சோறு ஓரத்தில் ஆறிப்போய்க் கிடந்தது.

திமிர் பிடித்தவன் என்று அன்று அங்கே பேசிக்கொண்டார்கள். அது திமிர் இல்லை. சும்மா கிடக்கிற ஒரு கரண்டியை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி யாருக்கு விளங்க வைப்பது?

திரும்பி வரும்போது காரில் அவராகவே பேசினார். அதற்கு முன்பும் பின்பும் படகைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

கூடப் படித்த சிநேகிதனும் அவருமாகச் சேர்ந்துதான் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள். வந்த பிறகுதான் ஆட்கள் அதிகம், படகு தாங்காது என்று தெரிந்திருக்கிறது. படகோட்டி டார்ச்சை முகங்களில் அடித்து, யாருக்கு எஞ்சின் தெரியும் என்று கேட்டிருக்கிறான். இவருக்குத் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு மட்டும்தான் தெரியும். கையைத் தூக்கிவிட்டார். சமைக்கத் தெரியுமா என்று கேட்டான். அதற்கும் தூக்கினார். சிநேகிதன் எதற்கும் தூக்கவில்லை. அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அவனோடு சேர்த்து ஏழு பேரைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் எஞ்சின் நின்றதும் படகோட்டியின் பின்னால் போய் நின்று, அவன் கைகளைப் பார்த்துப் பார்த்து, அடுத்த தடவை நின்றபோது இவரே அதைத் திறந்திருக்கிறார்.

"அவன் இப்பவும் ஊரிலைதான் இருக்கிறான். ரெண்டு பிள்ளையள். எனக்கு வொய்ஸ் மெசேஜ் போடுவான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதாலைதான் நான் அதுகளைத் திறக்கிறதில்லை" என்றார்.

லிட்கமில் இறங்கும்போது, வழக்கம்போல, "போட்டு வாறன்" என்றார்.

அமெரிக்காவிலிருந்து ஒருவர் மெல்பர்னில் ஆள் தேர்வு செய்ய வருகிறார் என்ற செய்தியைக் கோச்தான் கொண்டுவந்தார். அங்கே ஒரு தொழில்முறை அணிக்கு உதைக்கிற ஆள் வேண்டும். இந்த நாட்டுக் கால்களுக்கு அங்கே கிராக்கி உண்டு. பயிற்சி முகாமுக்கு ஒருவரை அழைத்துப் போவார்கள். முகாம் முடிவில் கடைசிப் பட்டியல். அதில் இருந்துவிட்டால் வாழ்க்கையே வேறு. எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் கோச் அனுப்பியிருந்தார். என் காரில், அவர் ஓட்ட, ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து மெல்பர்ன் போனோம்.

இரண்டு நாள் தேர்வு. என் உதைகள் அவருடையதைவிட உயரம், தூரமும் அதிகம். அதை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் அவர் இரண்டு கால்களாலும் உதைத்தார். தரையில் வைத்த பந்தையும் உதைத்தார். அடுத்தவருக்குப் பந்து பிடித்து வைத்தார், குனிந்து பின்னால் எறிந்தார், பந்தோடு ஓடி வந்தவனைத் துரத்திப் பிடித்துக் கீழே தள்ளினார். ஆள் தேர்வு செய்ய வந்த அமெரிக்கர் ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் என்னை விட்டுவிட்டு அவரைத்தான் கூப்பிட்டார்.

வேலைத்தலத்து இங்கிலீஷ் அவருக்கு நன்றாக வரும். ஆனால் கோட்டுப் போட்டவர்கள் முன்னால் வாய் கட்டிக்கொள்ளும். என்னைக் கூட வரச் சொன்னார். மொழிபெயர்க்க.

அந்த அமெரிக்கர் வெளிப்படையான மனிதர். எங்களிடம் ஏற்கெனவே ஒரு உதைகாரன் இருக்கிறான், இரண்டாவது ஆள் வெறும் உதைகாரனாக இருந்தால் கடைசி நாளில் நான் அவனை அனுப்பத்தான் வேண்டியிருக்கும் என்றார். மூன்று வேலை செய்கிற ஆளாக இருந்தால் தலைமைக் கோச்சிடம் வாதாட எனக்கு ஒரு காரணம் இருக்கும் என்றார். ஆறு வாரத்தில் கிளம்ப முடியுமா என்று கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற அவர் என்னிடம் திரும்பினார். நான் அவருடைய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. காது மடல் சிவந்திருந்தது.

"தம்பி, எனக்கு வழக்கு முடியிற வரைக்கும் தந்த பிரிட்ஜிங் விசா எண்டு சொல்லு. வெளியிலை போனா திரும்பி வரேலுமோ தெரியேல்லை. வக்கீலிட்டைக் கேக்க வேணும். ரெண்டு நாள் மட்டும் தரச் சொல்லிக் கேள்."

நான் அமெரிக்கரிடம் இங்கிலீஷில் சொன்னது ஒரே வரி. அவரால் பயணம் செய்ய முடியாது என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. விசா என்ற சொல்லைச் சொல்லவில்லை. வக்கீல் என்ற சொல்லைச் சொல்லவில்லை. இரண்டு நாள் என்று சொல்லவில்லை. அமெரிக்கர் வருத்தப்பட்டார், உண்மையாகவே. பிறகு புத்தகத்தில் ஒரு கோடு போட்டார். பேனா அடிக்கும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்து, உன்னால் முடியுமா என்றார்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார், என்ன சொன்னவர் என்று.

"யோசிச்சுச் சொல்றாங்களாம்ணா" என்றேன்.

"சரி" என்றார். கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார். சிட்னிவரை அவரேதான் ஓட்டினார். வழியில் பெட்ரோல் போட்ட இடத்தில் எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் எனக்குக் கடிதம் வந்தது. அம்மா அழுதார். கிளப்பில் கேக் வெட்டினார்கள். அவரும் வந்திருந்தார். கை கொடுத்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப்போய், "பந்து பிடிச்சு வைக்கிறதை மட்டுமாவது பழகிக்கொண்டு போ. ஒரு கிழமை காணும். நான் காட்டித் தாறன்" என்றார்.

அவர் எதிரில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம்! என்னால் முடியாது. சரி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. விசா வேலை, மருத்துவப் பரிசோதனை, சாமான் வாங்குவது என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். அவர் இரண்டு நாள் மைதானத்தில் வந்து காத்திருந்ததாகக் கோச் பிறகு சொன்னார்.

அமெரிக்காவில் நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முகாமில் என்னோடு போட்டியிட்டவன் ஒரு மாநிலக் கல்லூரிப் பையன். அவன் உதை என் உதையைவிடக் குறைவுதான், அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவன் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் உதையும் உதைப்பான், பந்தும் பிடித்து வைப்பான். என்னைப் பிடித்து வைக்கச் சொன்ன அன்று பந்து என் கையில் சுழன்று உதைக்க வந்தவனின் தாடையில் பட்டது. கடைசிப் பட்டியல் போடும் நாள் காலையில் ஒருவர் வந்து என் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார். பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே வா என்றார். மேலே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உன் கால் மிக நல்ல கால், இது உன் திறமையைப் பற்றியது இல்லை, எங்களிடம் இருக்கிற இடங்களைப் பற்றியது என்றார். மெல்பர்னுக்கு வந்தவர் அந்த அறையின் மூலையில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்காக வாதாட அவரிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது அவர் சிட்னியில் இல்லை. கிடங்கு வேலையை விட்டுவிட்டு மெல்பர்ன் பக்கம் கிரெய்கிபர்னுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருக்குப் பதிலாக அந்தக் கிடங்கில் மூன்று பேரை எடுத்தார்களாம். அங்கிளைக் கூப்பிடவில்லை.

நான் ஆட்டத்தை விட்டேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். சில வருடங்கள் போயின. போன வருடம் அலுவலக வேலையாக மெல்பர்ன் போனபோது, தேடிப் பிடித்து வாங்கியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். வா என்று சொல்லி விலாசம் அனுப்பினார்.

மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஹாலில் பிரித்துப் போட்ட ஒரு துணி துவைக்கும் இயந்திரம் கிடந்தது, பக்கத்து வீட்டுக்காரருடையது. அவருக்கு முன்தலை வழுக்கையாகியிருந்தது. ஒரு முழங்காலை மடக்க முடியாமல் நீட்டியபடி நாற்காலியில் இருந்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். கோச்சைப் பற்றிக் கேட்டார். என் அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்டார். அமெரிக்காவைப் பற்றிக் கேட்கவில்லை.

நானாகத்தான் சொன்னேன். ஹோட்டல் அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதுபோல் வரவில்லை. அன்று அந்த ஆளிடம் நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை என்று மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அது அண்டைக்கே விளங்கினது" என்றார். "அந்த ஒரு வரி விளங்காத அளவுக்கு நான் மொக்கன் இல்லை."

"அப்புறம் ஏண்ணா அங்கேயே சொல்லல?"

"நீ சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது? ரெண்டு தமிழர் ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னாலை நிண்டு சண்டை பிடிக்கிறதோ?"

கொஞ்ச நேரம் இயந்திரத்தின் ஒரு திருகாணியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: அடுத்த திங்கட்கிழமையே வக்கீலிடம் போய்க் கேட்டாராம். அந்த விசாவில் வெளியே போனால் அதோடு முடிந்தது, திரும்பி வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டாராம்.

"அப்ப நீ சொன்னது சரிதான். என்னாலை போயிருக்கேலாது."

என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. வெட்கமாக இருக்கிறது எழுத, ஆனால் இறங்கியது உண்மை. இத்தனை வருடம் நான் பறித்ததாக நினைத்தது அவருக்குக் கிடைத்திருக்கவே முடியாத ஒன்று. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். வேலை செய்கிறவர்களைப் பார்ப்பதைப் போலத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ரெண்டு நாள் கேட்டனான் தம்பி" என்றார். "அந்த ரெண்டு நாளும் என்ரை பேர் அவன்ரை புத்தகத்திலை இருந்திருக்கும். வேறை ஆரையும் வெளியிலை தள்ளாமல், என்னைத்தான் வேணும் எண்டு ஒருத்தன் எழுதின பேர். வக்கீல் ஏலாது எண்டு சொல்லுமட்டும் நான் தெரிவான ஆள். அதை நீ தந்திருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவருடைய போன் அடித்தது. யாரோ ஒருவர் வேலைக்கு வரவில்லையாம், இன்னும் ஒரு மணி நேரத்தில் வர முடியுமா என்று கேட்கிறார்கள். எந்த இடத்துக்கு, என்ன வேலைக்கு என்று அவர் கேட்கவில்லை. ஓம் என்றார். எழுந்து, முழங்காலில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டார்.

வாசல்வரை ஒன்றாக வந்தோம். வெளியே போகிற எவரும் போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்வதுதான் அவர்கள் வழக்கம். என் காரில் ஏறி இறங்கிய அத்தனை வருடமும் அவர் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

"சரி, நான் போறன்" என்றார்.